கடைசி இரண்டடியில் இடது பக்கம்

"துரத்தப்படுறவங்களுக்குச் சத்தம் கேக்கணும் சார்."

இதைக் கேட்கக் கூடாது என்று தாட்சாயணி அக்கா லிஃப்டில் ஒருமுறை சொன்னார். வராந்தாவில் ஒருமுறை சொன்னார். கூட்ட அறைக் கதவில் கை வைத்த பிறகும், என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்துச் சொன்னார். "வேற எது வேணா கேளு வல்லி. லீவு கேளு, ஜன்னலோர சீட்டு கேளு. அதை மட்டும் கேக்காத." அவர் என் குழுத்தலைவி. நல்லவர், பயந்தவர். நான் உட்கார்ந்த உடனே அதைத்தான் கேட்டேன்.

எங்கள் நிறுவனத்தின் தலைவர் நிரஞ்சன் சார் சிரித்தார். "யாருக்குச் சத்தம் கேக்கணும்? பஸ்ஸுக்கா?"

"மனுசங்களுக்கு."

சிரிப்பு நின்றது. தாட்சாயணி அக்கா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். நல்ல மிதி.

சென்னையில் பஸ்கள் நிற்பதை நிறுத்திச் சில வருடங்கள் ஆகின்றன. நின்று நின்று கிளம்பினால் பேட்டரி வீணாகிறதாம். நிறுத்தம் வந்தால் நடை வேகத்துக்கு இறங்கும், அவ்வளவுதான். ஓடிப்போய் ஏறுவது நம் பாடு. ஆரம்பத்தில் ஊரே விழுந்து எழுந்தது. சாம்பார் சாதங்கள் தார்ச்சாலையில் உருண்டன. மாமியார் ஏறி மருமகள் கீழே நின்ற குடும்பங்கள் உண்டு. அதில் சிலர் அதை வேண்டுமென்றே செய்தார்கள் என்பது வேறு கதை.

அப்போதுதான் 'கோணம்' என்ற எங்கள் நிறுவனம் 'குறுக்கு' என்ற பட்டையைக் கொண்டுவந்தது. இரண்டு மணிக்கட்டிலும் கைக்கொரு பட்டை, கழுத்துப் பட்டியில் ஒரு பொத்தான். பொத்தானுக்குக் கண் உண்டு. வருகிற பஸ்ஸைப் பார்த்தபடி பொத்தானை அமுக்கினால் போதும். இடது கை துடித்தால் இடது பக்கம் ஒதுங்கி ஓடு, வலது கை துடித்தால் வலது பக்கம். இரண்டும் சும்மா இருந்தால் அப்படியே ஓடு. படி உன் காலடிக்கு வந்துவிடும். கண் தெரியாதவர்கள்கூட ஓடுகிற பஸ்ஸில் பூப்போல ஏறினார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்தப் பட்டைக்குத் துரத்தக் கற்றுக்கொடுத்தது என் கண்ணும் காலும்தான்.

திண்டிவனத்தைத் தாண்டி ஓர் அரசுப் பெண்கள் பள்ளி. அதன் கோ-கோ அணியில் நான் இருந்தேன். ஒருநாள் நிரஞ்சன் சார் காரில் வந்து இறங்கினார், அப்போது இன்னும் டாக்டர் பட்டம் வாங்கியிருக்கவில்லை. மைதானத்தில் குத்த வைத்து உட்கார்ந்து என்னைக் கேட்டார்:

"ஓடுறவ எந்தப் பக்கம் வளைவான்னு உனக்கு எப்படி முன்னாடியே தெரியுது?"

"தெரியாது சார்."

"அப்புறம் எப்படிப் பிடிக்கிற?"

"அவ என் கண்ணுல நகரக் கூடாது சார். இடது பக்கம் நழுவுனா நானும் இடது பக்கம் சாஞ்சிடுவேன். வலது பக்கம் நழுவுனா வலது பக்கம். நகராம ஒரே எடத்துல நின்னுக்கிட்டு, ஆளு மட்டும் பெரிசாயிட்டே வந்தான்னா முடிஞ்சுது. கையில."

அவர் துள்ளிக் குதித்தார். "கப்பல்காரங்க இதத்தாம்மா சொல்றாங்க! எதிர்ல வர்ற கப்பல் ஜன்னல் கம்பிக்கு நேரா நகராம நின்னா மோதப்போகுதுன்னு அர்த்தம். எங்க போகும்னு கணக்கே போட வேண்டாம். கோணம் மாறாம பாத்துக்கிட்டா போதும்!"

பிறகு தலையில் கேமரா மாட்டிவிட்டு ஒரு பருவம் முழுக்க எங்களை ஓடவிட்டுப் படம் எடுத்தார்கள். ஆளுக்கொரு டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். நல்ல மூடி.

நான் இயற்பியல் படித்து அதே நிறுவனத்தில் வேலைக்கு வந்தேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். செங்கல் சூளைக்காரரான என் அப்பாவுக்கு என் வேலையை விளக்கி விளக்கித் தோற்றுவிட்டேன். யாராவது கேட்டால் "பொண்ணு பஸ்ஸு புடிக்கிற ஆபீசுல கீது" என்பார். தப்பில்லை.

வேலையில் சேர்ந்த முதல் நாள் கிண்டியில் இறங்கினேன். பஸ் வந்தது, ஜனம் ஓடியது. ஏறுவதற்கு இரண்டடி முன்னால், பெரியவர், சின்னவர், போலீஸ்காரர், பால்காரர், அத்தனை பேரும் இடது பக்கம் ஒரு எட்டு தாவி, பிறகு படியில் கால் வைத்தார்கள். அடுத்த பஸ்ஸுக்கும் அப்படியே. எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நடைபாதையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். என்னவோ ஏதோவென்று ஒரு அம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

அது எங்கள் பள்ளிக்கூடத்துக் குழி.

மைதானக் கோடியில், கோ-கோவுக்காக நட்ட கட்டைக்கு முன்னால், பழைய கொடிக்கம்பத்தைப் பிடுங்கிய குழி ஒன்று இருந்தது. மேலே புல் மூடியிருக்கும், வெளியாள் கண்ணுக்குத் தெரியாது. ஆறாம் வகுப்பில் ஒரு தடவை அதில் விழுந்த எவளும் இரண்டாம் தடவை விழமாட்டாள். கட்டைக்கு இரண்டடி முன்னால் இடது பக்கம் ஒரு தாவல். அது எங்கள் காலில் ஊறிப்போனது. படம் எடுத்தவர்கள் அதைப் பார்த்தார்கள், குழியைப் பார்க்கவில்லை. மனிதன் எதையாவது எட்டிப் பிடிக்கும்போது இயல்பாகவே இடது பக்கம் விலகுகிறான் என்று முடிவுகட்டி, 'இறுதி இடவிலகல்' என்று பெயர் வைத்து, பட்டைக்கும் அதையே கற்றுக்கொடுத்து, மூளையின் வலப்பாதியைப் பற்றி நிரஞ்சன் சார் நீளமாக ஒரு ஆய்வு எழுதினார். அதற்குத்தான் டாக்டர் பட்டம். அந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள். அதன்மேல் மாலை வேறு.

தாட்சாயணி அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தயிர்சாதத்தை மூடி வைத்தார். "இத உங்க வீட்டு நாய்கிட்டகூட சொல்லாத."

சொல்லவில்லை. யாருக்கு நஷ்டம்? ஊர் முழுக்க இல்லாத குழியைத் தாண்டிக்கொண்டு பத்திரமாகப் பஸ் ஏறியது. நிரஞ்சன் சாரே அலுவலகத்தில் சுற்றிவருகிற டீ வண்டியைப் பட்டை கட்டிக்கொண்டுதான் பிடிப்பார். கிரானைட் தரையில் இடது பக்கம் தாவுவார், டீ சிந்தும். எனக்கு அது தினப்படி பொழுதுபோக்கு.

பிறகு 'ஆள் முறை' வந்தது.

பஸ்ஸைப் போலவே மனிதனையும் குறி வைக்கலாம். ஒருமுறை பார்த்து அமுக்கினால் போதும். அவர் தெரு தாண்டிப் போனாலும் பொத்தான் விடாது. ஏனென்றால் தெருவில் பட்டை கட்டிய எல்லாருடைய பொத்தானும் ஒன்றுக்கொன்று கண் கொடுக்கும். கண் கொடுப்பது அந்த ஆட்களுக்கே தெரியாது. திருவிழாவில் தொலைந்த குழந்தையைப் பிடிக்க என்றுதான் ஆரம்பித்தார்கள். சில நூறு பேருக்குச் சோதனைக்காகக் கொடுத்தார்கள். பொங்கல் அன்று எல்லாருக்கும் திறந்துவிடப் போகிறார்கள்.

இந்த நேரத்தில்தான் என் அறைத்தோழி ஜெசிந்தாவுக்குக் கடவுள் வழிகாட்ட ஆரம்பித்தார்.

ஜெசிந்தா தூத்துக்குடிக்காரி, நர்ஸ். வேளச்சேரி ஹாஸ்டலில் என் பக்கத்துக் கட்டில். "ஏட்டி வல்லி, இன்னைக்கும் அவரப் பாத்தேன். சர்ச்சுல இருந்து வெளிய வாரேன், எதுத்தாப்புல வாராரு. நேத்து பஸ்ல. முந்தாநாள் மருந்துக்கடைல. நான் போற எடமெல்லாம் அவரு வாராருன்னா அதுக்கு என்ன அர்த்தம்?"

"வேலை வெட்டி இல்லன்னு அர்த்தம்."

"போட்டி. கடவுள் வெரல நீட்டிக் காட்டுதாரு. ஞாயித்துக்கெழம எங்கம்மைகிட்ட பேசப் போறேன்."

அந்தக் கடவுளின் பெயர் ரோஷன். பார்க்கணும் என்றேன். மறுநாள் சந்தையில் கரும்புச்சாறு கடையில் நின்றோம். சந்தைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் வந்தான். சுத்தமான சட்டை, சாந்தமான முகம். நெரிசலில் ஒருவரும் அவன்மேல் இடிக்கவில்லை, அவனும் எங்கும் தயங்கவில்லை. கண் ஜெசிந்தாமேல் குத்திட்டு நின்றது. எங்களுக்கு இரண்டடி இருக்கும்போது, வழவழவென்ற சிமெண்ட் தரையில், இடது பக்கம் ஒரு எட்டு தாவினான்.

"அட, நீங்களா!" என்றான்.

என் கையிலிருந்த டம்ளர் கனத்தது. அது என் கால். என் பள்ளிக்கூடத்துக் குழி. என் காலை மாட்டிக்கொண்டு, ஆள் முறையில் எவனோ என் தோழியைப் பிடிக்க வந்திருக்கிறான்.

ஜெசிந்தாவிடம் சொன்னபோது நம்பவில்லை. "ஒனக்குப் பொறாம."

"சரி, பொறாமதான். சனிக்கிழமை தி.நகர் போலாம். நான் சொல்ற மாதிரி நட. அப்பவும் கடவுள்தான்னா, கல்யாணத்துக்கு மோர் ஊத்துற வேலையை நானே பாத்துக்கறேன்."

கோ-கோவில் ஓடுகிறவளுக்குச் சங்கிலி ஓட்டம் என்று ஒன்று உண்டு. உட்கார்ந்திருப்பவர்களுக்கு இடையே இப்படியும் அப்படியும் பின்னிக்கொண்டே போவது. சனிக்கிழமை ஜெசிந்தாவை அப்படி நடக்கவிட்டேன். பாத்திரக்கடைக்குள் நுழைந்து பின்வாசல் வழியாக வெளியே. பூக்காரியைச் சுற்றிக்கொண்டு மறுபடி உள்ளே. "பேய் புடிச்சவ மாதிரி சுத்த வைக்கியே" என்று திட்டிக்கொண்டே நடந்தாள்.

குக்கர் அடுக்குக்குப் பக்கத்தில்: இடது பக்கம் ஒரு தாவல். "அட, நீங்களா!"

பூக்கடை வாசலில்: ஒரு தாவல். "அட! இங்கயுமா!"

மூன்றாவது, பெண்கள் உள்ளாடைக் கடையின் படியில். தாவினான். பெயர்ப்பலகையைப் பார்த்தான். "அ...ட" என்று பாதியில் நின்றுவிட்டது.

ஜெசிந்தா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து தரையைப் பார்த்தாள். "இங்க குழி ஏதும் கெடக்கா?"

"இல்லையே..."

"பொறவு எதத் தாண்டுனிய?"

அவன் இரண்டு மணிக்கட்டையும் பின்னால் மறைத்துக்கொண்டான். "நான் தப்பா ஒண்ணும் செய்யலங்க. உங்களப் பாக்கணும்னுதான்..."

"பாக்கணும்னா 'ஏ ஜெசிந்தா'ன்னு ஒரு கொரல் குடுக்க வேண்டியதுதான? நிக்கதா வேண்டாமான்னு நான் முடிவு பண்ணிருப்பேன்லா?" பிறகு கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள். "நின்னுருப்பேன்யா."

அவன் பொத்தானைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனான். பொத்தான் இல்லாமல் கூட்டத்தில் நாலு பேர்மேல் இடித்துக்கொண்டு போனான். எனக்கு அதில் ஒரு திருப்தி.

திரும்பும்போது பஸ்ஸில் ஜெசிந்தா அழுதுகொண்டே முறுக்கு தின்றாள். எனக்கும் நீட்டினாள். "அவன் போறான் விடு. ஆனா கடவுள்மேலயே எனக்குச் சந்தேகம் வர வச்சிட்டாம்லா." பஸ் முழுக்கப் பார்வையை ஓட்டினாள். எல்லார் கழுத்திலும் பொத்தான். "இவ்வளவு சனமும் சேந்துதான் என்னியப் புடிச்சுக் குடுத்துச்சா? ஒருத்தருக்கும் தெரியாமலா?"

"ஆமாடி."

"ஒங்க வெளாட்டுலயும் ஒருத்தி மாத்தி ஒருத்திதான தொரத்துவிய?"

"தொரத்துவோம். ஆனா கத்திக்கிட்டுத்தான் மாத்துவோம். முதுகுல தட்டி 'கோ!'ன்னு சத்தமா சொல்லணும். சத்தம் கேக்கலன்னா ஆட்டமே செல்லாது. ஓடுறவளுக்குத் தெரியணும்ல, இப்ப யாரு வராங்கன்னு."

அவள் முறுக்கைக் கடிப்பதை நிறுத்தினாள். நானும் நிறுத்தினேன்.

திங்கட்கிழமை கூட்ட அறையில் அந்தச் சத்தம் வேண்டும் என்றுதான் நான் கேட்டேன்.

நிரஞ்சன் சார் கெட்டவர் இல்லை. பொறுமையாகவே பேசினார். "வல்லி, போன மாசம் கடற்கரைல காணாமப் போன நாலு வயசுக் குழந்தைய இதாலதான் பிடிச்சோம். அந்தத் தாய் என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. நீங்களும் பாத்தீங்க."

"பாத்தேன் சார். நானும் அழுதேன். அந்தக் குழந்தைக்கு ஒரு மணிச்சத்தம் கேட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? அம்மா வராங்கன்னு நின்னிருக்கும். சத்தம் கேட்டா யாருக்கு சார் கஷ்டம்?"

"திருடனைத் துரத்தினா?"

"திருடனைத் துரத்துறப்ப ஊரே கத்திக்கிட்டுத்தான் சார் துரத்தும். அதுல ஒரு குறையும் இல்ல."

தாட்சாயணி அக்காவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமலா சிரிப்பா தெரியவில்லை.

சார் நாற்காலியில் சாய்ந்தார். "வெளிப்படையாவே சொல்றேன். சத்தம் போடற பட்டையை யாரும்மா கட்டுவா?"

"அப்ப யாரு கட்டறதுக்கு சார் இத செய்யறோம்?"

வெளியே டீ வண்டி மணியடித்துக்கொண்டு போனது. பாருங்கள், டீ வண்டிக்குக்கூட மணி இருக்கிறது.

அவர் குரலை மாற்றினார். "உங்ககிட்ட வேற பேசணும்னுதான் கூப்பிட்டேன். பொங்கல் விழாவுல மேடைல நீங்கதான் ஓடணும். இந்தப் பட்டைக்கு மூலமே நீங்கதானே? கிராமத்துப் பொண்ணு, முதல் தலைமுறைப் பட்டதாரி. ஊர் முழுக்க உங்க படம். தனி அறை, தனிக் குழு."

சுவரில் மாதிரிப் படம் ஒளிர்ந்தது. நான் ஓடுகிறேன். பின்னால் ஒரு குடிசை போட்டிருந்தார்கள். எங்கள் வீடு மாடி வீடு. மாடி இன்னும் பூசவில்லை, அவ்வளவுதான். அந்தக் குடிசையைப் பார்த்ததும் மிச்சமிருந்த மரியாதையும் என்னைவிட்டுப் போனது.

"சார், அந்த இடது பக்கத் தாவல் இருக்குல்ல..."

தாட்சாயணி அக்கா கண்களை மூடிக்கொண்டார்.

"இறுதி இடவிலகலா?" என்றார் சார், பிள்ளையைப் பற்றிக் கேட்டவர்போல முகம் மலர்ந்து.

"அது மூளை இல்ல சார். குழி."

கொடிக்கம்பத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் வெளுத்து, சிவந்து, மறுபடி வெளுத்தது. "உங்களுக்குத் தெரியுமா?" என்று அக்காவைக் கேட்டார். அக்கா மேஜையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திறந்து மூடினார்.

சார் கெட்டிக்காரர். சீக்கிரமே சமாளித்துக்கொண்டார். "சரி. பிழைன்னா எடுத்துடலாம். பொங்கலுக்குள்ள எடுத்துடலாம்."

"தாராளமா எடுங்க சார். ஏன் எடுத்தீங்கன்னு கேப்பாங்க. வலப்பாதி மூளை இப்ப எங்க போச்சுன்னு கேப்பாங்க. வெளிய மாலை போட்டு மாட்டியிருக்கோமே, அத என்ன பண்றதுன்னு வரவேற்புல இருக்கிற பொண்ணு கேக்கும்."

அவர் வரவேற்பறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"எடுக்கலன்னா, எங்களுக்கு அடையாளம் இருக்கு. நீங்க சத்தம் வைக்க முடியாதுன்னு சொல்வீங்கன்னு தெரியும் சார். அதனால நேத்தே நாங்க வச்சிட்டோம்."

"என்ன வச்சீங்க?"

"ஞாயித்துக்கிழமை ஹாஸ்டல்ல பூரி. எல்லாரும் இருந்தாங்க. பெஞ்சுமேல ஏறி நின்னு சொன்னேன். பஸ்ஸே இல்லாத எடத்துல ஒருத்தன் உங்ககிட்ட வந்து கடைசி ரெண்டடில இடது பக்கம் தாவுனா, அது தற்செயல் இல்ல. 'கோ!'ன்னு கத்துங்க. பக்கத்துல இருக்கிறவங்களும் சேந்து கத்துங்க. ஜெசிந்தா அத ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டா. நர்சுங்க மூலமா ஒரு விஷயம் எவ்வளவு வேகமாப் போகும்னு உங்களுக்குத் தெரியாது சார். இன்னைக்குக் காலைல வேளச்சேரி நிறுத்தத்துல ரெண்டு தடவை கேட்டேன். ஒரு தாத்தா நிஜமாவே பஸ்தான் ஏற வந்தாரு, பாவம். அவரும் சிரிச்சாரு. அவரும் எங்களோட சேந்து கத்துனாரு."

இரண்டு கைப் பட்டைகளையும் அவிழ்த்தேன். மேஜைமேல் வைத்தேன். பொத்தானைப் பிடுங்கியபோது சுடிதாரில் சின்னதாக ஓட்டை விழுந்தது. போகட்டும்.

"வேலையை விடப்போறீங்களா?" சாரின் குரலில் உண்மையான கவலை இருந்தது. "அவசரப்படாதீங்க. வீட்ல கேட்டு யோசிச்சு..."

"யோசிச்சுட்டுத்தான் சார் உள்ள வந்தேன்."

அப்பாவிடம் காலையிலேயே போனில் சொல்லியிருந்தேன். பஸ்ஸு புடிக்கிற ஆபீசை விடுகிறேன் என்று. "இன்னா பண்ணுவே?" என்றார். பி.எட். படிக்கப் போகிறேன், என் பழைய பள்ளிக்கூடத்தில் இயற்பியலும் கோ-கோவும் சொல்லித்தரப் போகிறேன் என்றேன். "அப்ப மொதல்ல அந்தக் குழிய மூடு" என்றார். அவருக்கும் அது தெரிந்திருக்கிறது பாருங்கள். துரத்துகிறவர்களைக் காட்டிக்கொடுக்கிற குழி அது, மூட மாட்டேன் என்றேன்.

எழுந்தேன். நீண்ட அறை, கோடியில் கண்ணாடிக் கதவு. கிரானைட் தரையில் என் செருப்பு சத்தமாக ஒலித்தது. அதை அடக்க நான் முயலவில்லை. பாதி தூரம் போயிருப்பேன். எதிரே கண்ணாடியில் என் பிம்பத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பிம்பம் தெரிந்தது. நிரஞ்சன் சார். என்னை நிறுத்தத்தான் வருகிறார். கூப்பிட்டிருக்கலாம். பழக்கதோஷத்தில் கை பொத்தானுக்குப் போய்விட்டது போலிருக்கிறது. கண்ணாடியில் அவர் இந்தப் பக்கமும் நழுவவில்லை, அந்தப் பக்கமும் நழுவவில்லை. ஒரே இடத்தில் நின்றபடி பெரிதாகிக்கொண்டே வந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான்.

எனக்கு இரண்டடி பின்னால், பளபளத்த தரையில், இல்லாத குழியை டாக்டர் நிரஞ்சன் இடது பக்கமாகத் தாண்டினார்.

"கோ!"

நான் கத்தவில்லை. குரல் பின்னால் மேஜைப் பக்கமிருந்து வந்தது. கத்திப் பழகாத குரல், நடுவில் உடைந்தது. மறுபடியும் வந்தது, இந்தத் தடவை உடையாமல். "கோ!" நாற்காலியைத் தள்ளிக்கொண்டு தாட்சாயணி அக்கா எழுந்து நிற்கிற சத்தமும் கேட்டது.

கோ-கோவில் 'கோ' வாங்கி ஒரு திசையில் கிளம்பியவள் திரும்பக் கூடாது. நான் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனேன்.